நாற்பது ஹதீஸா, ரியாளுஸ் ஸாலிஹீனா?

ஊட்டி, குன்னூர் பக்கம் பள்ளிக்கூடம் போகுமுன் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கு ஹதீஸ் (நபிமொழி) பாடத்தை எதில் தொடங்குவது? வழக்கமாக அடிபடும் இந்த இரண்டு நூல்களையும் தொகுத்தவர் ஒருவரே: 1277-ல் காலமான, சிரியாவின் இமாம் நவவி. முதல் ஹதீஸும் இரண்டிலும் ஒன்றுதான். 'செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே' என்று உமர் (ரலி) அறிவிப்பது.

'நாற்பது' என்பது பெயருக்குத்தான்; உள்ளே 42 இருக்கின்றன. நீண்ட ஸனதை (யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசையை) நீக்கியிருப்பதால் பிள்ளையிடம் மூன்றே கேள்வி கேட்டால் போதும். நபி (ஸல்) சொன்னது என்ன, அறிவித்த தோழர் யார், எந்தத் தொகுப்பில் உள்ளது? 16-வது ஹதீஸைப் பாருங்கள்: 'கோபப்படாதே.' அறிவித்தவர் அபூஹுரைரா (ரலி), பதிந்தவர் புகாரி. விரல் விறைக்கும் டிசம்பர் காலையிலும் மனப்பாடமாகிவிடும். (அண்ணன் தம்பி சண்டையில் உம்மாவுக்கும் கைகொடுக்கும்!) இரண்டாவது ஹதீஸ், வானவர் ஜிப்ரீல் (அலை) வந்து கேள்வி கேட்பது, ரொம்ப நீளம். வரிசை பார்க்காமல் அதைத் தள்ளிவையுங்கள்.

ரியாள் பெரியது, சுமார் 1,900 ஹதீஸ்கள். சாப்பாடு, ஸலாம், நோயாளியை நலம் விசாரிப்பது என்று தலைப்புவாரியாக இருக்கும். பல தலைப்புகள் குர்ஆன் வசனத்தோடு தொடங்கும். மனப்பாடத்துக்குச் சரிவராது, இஷா (இரவுத் தொழுகை)வுக்குப் பின் வீட்டில் வாத்தா (அப்பா) வாசித்துக் காட்டலாம்.

பத்து வயதுக்கு நாற்பதுதான் என் கட்சி. ஸஹீஹ் (ஆதாரபூர்வமானது), ளயீஃப் (பலவீனமானது) என்று தரம் பிரிக்கும் கலையை இரண்டுமே கற்றுத்தராது. அதற்கு வளர்ந்தபின் மார்க்க ஆசிரியரான ஹஜ்ரத்திடம் உட்கார்ந்து ஓத வேண்டும்.