கேபிள் உரிமம்: நகராட்சி தருவதா, மாநிலம் தருவதா?

அமெரிக்காவின் 1984 கேபிள் சட்டப்படி, ஊருக்குள் கம்பி இழுக்க வரும் நிறுவனத்தோடு நகராட்சியே உட்கார்ந்து பேரம் பேசலாம். கேபிள் வருவாயில் 5 சதவீதம் வரை கட்டணம், அப்புறம் ஊர் மக்களுக்கென்று தனிச் சேனல், ஸ்டுடியோ, கேமரா எல்லாம் கேட்கலாம். நகரமன்றக் கூட்டம் வீட்டுத் திரைக்கு வந்தது இப்படித்தான். பேச்சு மாதக்கணக்கில் இழுக்கும், உண்மைதான். ஆனாலும் என் ஓட்டு இதற்கே.

கலிபோர்னியா 2006-இல் உரிமம் தரும் வேலையை மாநில ஆணையத்திடம் கொடுத்தது. புது நிறுவனங்கள் சீக்கிரம் நுழைய வழி பிறந்தது. 5 சதவீதமும் நகராட்சிக்கே வருகிறது. சரி, போனது என்ன? பேரம் பேசும் பலம். லாஸ் ஏஞ்சலஸில் கேபிள் நிறுவனம் நடத்திவந்த பொதுமக்கள் ஸ்டுடியோக்கள் 2009 தொடக்கத்தில் மூடப்பட்டன.