பத்து வாரத்துல சிட்டிசன்ஷிப், ஆறரை வருஷத்துல டிகிரி: அமெரிக்க ஆர்மி சர்வீஸ் பத்தி என் ரிவ்யூ

2014 ஜூன்ல பேசிக் ட்ரெய்னிங் போனேன், 2018 ஜூன்ல ஆர்மிய விட்டு வெளிய வந்தேன். சேர்ந்தப்போ நான் இந்திய பாஸ்போர்ட் வச்சிருந்த எஃப்-1 விசா ஸ்டூடன்ட். இங்க வந்து ரெண்டு வருஷம் தாண்டியிருந்துச்சு, அடுத்த செமஸ்டர் ஃபீஸ் எங்கிருந்து வரும்னே தெரியல, அப்பா எனக்காக வாங்கின லோன் வட்டி ஒரு பக்கம் ஏறிக்கிட்டு இருந்துச்சு. அப்போதான் ஆர்மில மாவ்னின்னு ஒரு ப்ரோகிராம் இருக்குன்னு ஒரு நண்பன் சொன்னான், க்ரீன் கார்டு கூட இல்லாம, அவங்க கேக்கற மொழி தெரிஞ்சா சேரலாம், அந்த லிஸ்ட்ல தமிழ் இருக்குன்னு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. அம்மா சொல்லிக்கொடுத்த மொழி இங்க ஒரு தகுதியா எண்ணப்படும்னு நான் நினைச்சுகூட பாத்ததில்ல.

இப்போ அதை நம்பி யாரும் கிளம்பிடாதீங்க, மாவ்னில ஆள் எடுக்கறத 2016லயே நிறுத்திட்டாங்க. அப்போ கையெழுத்து போட்டுட்டு ட்ரெய்னிங் தேதிக்கு காத்திருந்த நிறைய பேர் பின்னணி விசாரணைல வருஷக்கணக்கா மாட்டிக்கிட்டாங்க, அதுக்குள்ள சிலருக்கு விசாவே முடிஞ்சு போச்சு. நான் ரெண்டு வருஷம் முன்னாடி போனேன், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னைக்கு சேரணும்னா கையில க்ரீன் கார்டு இருக்கணும், ஸ்டூடன்ட் விசாவுலயோ எச்-1பி வேலை விசாவுலயோ இருக்கறவங்களுக்கு வழி இல்ல. இதை மாத்தி யாராவது சொன்னா பணம் கொடுத்துடாதீங்க. ஆர்மில சேர யாருக்கும் ஒரு டாலர்கூட கட்ட வேண்டியதில்ல.

சிட்டிசன்ஷிப் விஷயத்துல எனக்கு ஒரு குறையும் இல்ல, அஞ்சுக்கு அஞ்சு. சாதாரணமா க்ரீன் கார்டு வாங்கி அஞ்சு வருஷம் கழிச்சுதான் அப்ளை பண்ணவே முடியும், அந்த க்ரீன் கார்டுக்கே நம்ம ஆளுங்க வேலை வழியா போனா பத்து வருஷத்துக்கு மேல வரிசைல நிக்கறாங்க. ஆனா 2001 செப்டம்பர் 11க்கு அப்புறம் ஆர்மில நல்லபடியா சர்வீஸ் பண்றவங்க உடனே அப்ளை பண்ணலாம்னு 2002ல ஜனாதிபதி புஷ் ஒரு உத்தரவு போட்டார், நாங்க எல்லாம் அதுல வந்தவங்கதான். குடியுரிமைக்கு அப்ளை பண்ற என்-400 ஃபார்முக்கு ஃபீஸ் கிடையாது. கூடவே என்-426ன்னு ஒண்ணு, நீங்க சர்வீஸ்ல இருக்கீங்கன்னு ஆர்மி கையெழுத்து போட்டு தர்றது. சவுத் கரோலினால ஃபோர்ட் ஜாக்சன்லதான் எனக்கு ட்ரெய்னிங், பத்து வாரம். நடுவுல ஒரு நாள் இன்டர்வியூ, அப்போ நூறு கேள்வில பத்து கேப்பாங்க, ஆறு சரியா சொல்லணும். ராத்திரி டார்ச் லைட்ல படிச்சேன், பக்கத்து பங்க் பெட்ல இருந்த நைஜீரியா பையனும் நானும் மாத்தி மாத்தி கேள்வி கேட்டுக்குவோம்.

ட்ரெய்னிங் கிராஜுவேஷனுக்கு முன்னாடி நாள் யூனிஃபார்ம்ல நின்னு குடியுரிமை உறுதிமொழி எடுத்தோம். அந்த நிமிஷம் சந்தோஷமும் ஏதோ ஒண்ணு அறுந்து போன மாதிரியும் ரெண்டும் சேர்ந்தே வந்துச்சு, இந்திய சட்டப்படி வேற நாட்டு குடியுரிமை எடுத்த உடனே நம்மளோடது போயிடும், ரெண்டும் வச்சுக்க முடியாது. அப்பா போன்ல "நீ நல்லா இருந்தா போதும்ப்பா"ன்னு மட்டும் சொன்னார், அப்புறம் கொஞ்ச நேரம் பேசல.

இப்போ ரெக்ரூட்டர் சொல்லாத விஷயத்துக்கு வரேன். அவரை பொய் சொன்னார்னு சொல்ல மாட்டேன், அவருக்கே தெரிஞ்சிருக்காது. ஒண்ணு ஓசிஐ, அதாவது வேற நாட்டு குடியுரிமை எடுத்த நம்ம ஆளுங்க விசா இல்லாம ஊருக்கு வந்து போக இந்தியா கொடுக்கற கார்டு. வெளிநாட்டு ராணுவத்துல இருக்கறவங்க, ரிடையர் ஆனவங்க, ரெண்டு பேருக்கும் ஓசிஐ கார்டு கொடுக்கறதில்லங்கறது இந்திய அரசோட விதி. நான் இதை தெரிஞ்சுக்கிட்டது சேர்ந்து ரெண்டு வருஷம் கழிச்சு. இப்போ ஊருக்கு போகணும்னா ஒவ்வொரு தடவையும் விசா எடுத்துதான் போறேன், பாட்டி தவறினப்போ விசா வந்து நான் போய் சேர்றதுக்குள்ள காரியமே முடிஞ்சிருந்துச்சு. இது தெரிஞ்சிருந்தாலும் நான் சேர்ந்திருப்பேன்னுதான் நினைக்கறேன், ஆனா வீட்ல உட்கார்ந்து சொல்லிட்டு சேர்ந்திருப்பேன். வயசான அப்பா அம்மா ஊர்ல இருக்கறவங்க இந்த ஒரு விஷயத்தை கையெழுத்துக்கு முன்னாடி பேசிடுங்க, ப்ளீஸ்.

இன்னொண்ணு, இந்த வழியா வந்த குடியுரிமையை திருப்பி எடுக்கவும் முடியும், மொத்தம் அஞ்சு வருஷ நல்ல சர்வீஸ் முடியறதுக்குள்ள கெட்ட டிஸ்சார்ஜ்ல வெளிய அனுப்பினா. ஒழுங்கா இருக்கறவங்க பயப்பட வேண்டியதில்ல, ஆனா இருபது வயசு பசங்க தெரிஞ்சு வச்சுக்கணும். நாலு வருஷ கான்ட்ராக்ட்னு சொன்னாலும் பேப்பர்ல மொத்த கணக்கு எட்டு வருஷம், மிச்சத்துக்கு ரிசர்வ் லிஸ்ட்ல பேர் இருக்கும், தேவைப்பட்டா கூப்பிடலாம். குடியுரிமை வராத வரைக்கும் செக்யூரிட்டி க்ளியரன்ஸ் (ரகசிய தகவல்களை பாக்கற அனுமதி) கிடைக்காது, அதனால நிறைய வேலைங்க மூடியே இருக்கும், ஆஃபீசரும் ஆக முடியாது. எனக்கு கிடைச்சது கிடங்கு வேலை, சப்ளை கணக்கு.

டிகிரிக்கு அஞ்சுக்கு மூணுதான் கொடுப்பேன். பணம் நிஜமாவே வருது, அதுல பொய் இல்ல, ஆனா சிட்டிசன்ஷிப் மாதிரி தானா வந்து கையில விழாது. சர்வீஸ்ல இருக்கும்போது ட்யூஷன் அசிஸ்டன்ஸ்னு ஒண்ணு, ஒரு கிரெடிட்டுக்கு (டிகிரிக்கு சேர்க்கற பாட அலகு) 250 டாலர் வரைக்கும் ஆர்மியே காலேஜுக்கு கட்டிடும். நான் இருந்தப்போ வேலைப் பயிற்சி முடிஞ்சு ஒரு வருஷம் ஆனாதான் அதை தொடவே முடியும்னு ரூல் இருந்துச்சு. அப்புறம் காலைல ஆறரைக்கு பி.டி. உடற்பயிற்சி, அஞ்சு மணி வரைக்கும் வேலை, நடுவுல மாசக்கணக்குல ஃபீல்டு பயிற்சி, இதுல எங்க படிக்கறது. குவைத்துல ஒன்பது மாசம் இருந்தேன், அங்க ஆன்லைன்ல எடுத்த கணக்கு பேப்பர்ல டி கிரேடு வந்துச்சு, சி-க்கு கீழ போனா நாம திருப்பி கட்டணும், 750 டாலர் சம்பளத்துல பிடிச்சாங்க. டூட்டி காரணமா வகுப்பை விட வேண்டி வந்தா கமாண்டர்கிட்ட லெட்டர் வாங்கி கொடுத்து விலகிக்கலாம், திருப்பி கட்ட வேண்டாம்னு எங்க சார்ஜன்ட் சொன்னது அதுக்கு அப்புறம். ஃபெயில் ஆகிடுவோம்னு தோணின உடனே போய் கேளுங்க, நான் வெக்கப்பட்டுக்கிட்டு கேக்கல.

நிறைய பேர் விட்டுடற விஷயம் க்ளெப் பரீட்சை. சர்வீஸ்ல இருக்கறவங்களுக்கு இலவசம், பாஸ் பண்ணினா வகுப்புக்கே போகாம கிரெடிட், நாலு எழுதி பன்னெண்டு கிரெடிட் எடுத்தேன். ட்ரெய்னிங்ல கத்துக்கிட்டதையும் ஜாயின்ட் சர்வீசஸ் ட்ரான்ஸ்கிரிப்ட்னு கிரெடிட்டா காட்டுவாங்க, ஆனா ஏத்துக்கறதா வேண்டாமான்னு காலேஜ்தான் முடிவு பண்ணும். என்னோடதுல ஆறுதான் ஏத்துக்கிட்டாங்க. முன்னாடி படிச்ச அம்பது கிரெடிட்லயும், கோர்ஸ் மாத்தினதால முப்பதுதான் மிஞ்சுச்சு.

வெளிய வந்தப்புறம் 2018 ஃபால் (இலையுதிர் கால) செமஸ்டர்ல இருந்து போஸ்ட் 9/11 ஜிஐ பில்னு, சர்வீஸ் பண்ணினவங்க படிப்புக்கு அரசு பணம் கட்டற திட்டத்துல உட்கார்ந்து படிச்சேன், மூணு டாலர் ரெண்டு டாலர் எண்ணின பையனுக்கு அது எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல. 36 மாசம் ஆக்டிவ் சர்வீஸ் முடிச்சிருந்தா நூறு சதவீதம், அரசு யூனிவர்சிட்டில அந்த மாநில ஸ்டூடன்ட்ஸ் கட்டற ஃபீஸ் முழுசும் அவங்களே கட்டிடுவாங்க, புத்தகத்துக்கு வருஷம் ஆயிரம் டாலர் வரைக்கும், அதுக்கு மேல வீட்டு வாடகைக்கு மாசாமாசம் அலவன்ஸ். அலவன்ஸ்ல ரெண்டு பள்ளம் இருக்கு. எல்லா வகுப்பும் ஆன்லைன்னா நாடு முழுசுக்குமான சராசரில பாதிதான் வரும், ஒரு வகுப்பாவது நேர்ல போகணும். அப்புறம் செமஸ்டர் லீவு நாளுக்கு பணம் வராது, டிசம்பர் கடைசிலயும் ஆகஸ்ட்லயும் வாடகைக்கு முன்கூட்டியே எடுத்து வைக்கலன்னா திண்டாட்டம்தான், முதல் வருஷம் நான் திண்டாடினேன். 2020ல கோவிட் வந்து வகுப்பெல்லாம் ஆன்லைன் ஆனப்போ அலவன்ஸை குறைக்காம இருக்க தனியா சட்டமே போட்டாங்க, அந்த வருஷம் அது இல்லன்னா நான் படிப்பை விட்டிருப்பேன்.

2020 டிசம்பர்ல சப்ளை செயின்ல டிகிரி கைக்கு வந்துச்சு. அப்பாவோட லோன் அதுக்கு முன்னாடியே, குவைத் சம்பளத்துல அடைஞ்சிடுச்சு, பேங்க்ல இருந்து பத்திரத்தை வாங்கிட்டு வந்து அவர் அனுப்பின போட்டோவை இன்னும் வச்சிருக்கேன். ஜிஐ பில் மொத்தம் 36 மாசம், அதுல எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல மிச்சம் இருக்கு. 2013 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ வெளிய வந்தவங்களுக்கு அது காலாவதி ஆகாது, அதனால வர்ற ஃபால்ல மாஸ்டர்ஸ் சேரப் போறேன். சர்வீஸ் முடிஞ்சு வெளிய வரும்போது தர்ற டிடி-214 பேப்பரோட காப்பி மட்டும் நாலு எடுத்து வச்சுக்குங்க, காலேஜ், வீட்டு லோன், வேலைன்னு எல்லா இடத்துலயும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க.