மாம்பழப் பொடியா, எசென்ஸா, டின் அன்னாசியா? குக்கீக்கும் பாருக்கும் எது ஒத்துவரும்

மாம்பழக் கூழைக் குக்கீ மாவில் ஊற்றிப் பிசைந்தால் ஓவனிலிருந்து வருவது குட்டி கேக்தான். ஓரம் மொறுமொறுப்பாக இருக்காது, நடு சொதசொதக்கும், வாசமும் அரைகுறைதான். காரணம் எளிய கணக்கு. மாம்பழத்தில் 83 சதவீதம் தண்ணீர். 60 கிராம் கூழ் சேர்த்தால் 50 கிராம் தண்ணீர் மாவுக்குள் போகிறது. ஒரு முட்டையில் இருக்கும் தண்ணீரே 38 கிராம் அளவுதான். ஆக, குக்கீ மாவில் ஒன்றேகால் முட்டையைக் கூடுதலாக உடைத்து ஊற்றியது போல ஆகிறது. மைதா அந்தத் தண்ணீரைக் குடித்து இழுவை பிடிக்கிறது, சர்க்கரை கரைந்துவிடுகிறது, குக்கீ பரவாமல் உப்பி நிற்கிறது.

அதனால் மாம்பழம், அன்னாசி, பேஷன் ஃப்ரூட், தேங்காய் வாசத்தில் குக்கீயோ பாரோ (தட்டில் பரப்பிச் செய்து துண்டு போடும் இனிப்பு) செய்ய நினைப்பவர்கள் எந்தப் பழம் என்பதை அப்புறம் யோசிக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த வடிவில் பாக்கெட்டில் வருகிறது என்பது. கடைகளில் கிடைக்கும் வடிவங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஃப்ரீஸ் ட்ரை செய்த பழப் பொடி

குக்கீக்கு இதற்கு இணை கிடையாது. உறைய வைத்து, வெற்றிடத்தில் ஈரத்தை உறிஞ்சி எடுத்த பழம் இது. சூடு அதிகம் படாததால் வாசம் பெரும்பாலும் அப்படியே தங்குகிறது. சுமார் 20 கிராம் பொடி என்பது 120 கிராம் பழத்துக்குச் சமம். தண்ணீர் சேராமல் அவ்வளவு பழத்தை மாவுக்குள் ஏற்ற வேறு வழி இல்லை.

ஆனால் பாக்கெட்டைத் திருப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். ‘மாம்பழப் பொடி’ என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு வருகிறது. பொருள் பட்டியலில் மாம்பழம் மட்டும் இருந்தால் நல்லது. மால்டோடெக்ஸ்ட்ரின் என்றும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஸ்ப்ரே ட்ரை வகை. பழச்சாற்றை மாவுச்சத்துத் தூளோடு கலந்து தெளித்து உலர்த்தியது. பானத்துக்குப் பரவாயில்லை. குக்கீயில் அதே அளவு போட்டால் வாசம் பாதிகூட வராது, கடித்தால் பல்லில் மாவு ஒட்டுவது போல இருக்கும். முடிந்தால் துண்டுகளாக வாங்கி, தேவைப்படும்போது மிக்ஸியில் சர்க்கரையோடு சேர்த்து அரைத்துக்கொள்வது இன்னும் மேல்.

அளவு: வெண்ணெய் 120 கிராம், ஐசிங் சுகர் 50 கிராம், மைதா 170 கிராம், மாம்பழப் பொடி 20 கிராம், உப்பு 2 கிராம், ஒரு எலுமிச்சையின் துருவிய தோல். பொடியே இனிப்பு என்பதால் சர்க்கரை 10 கிராம் குறைந்திருக்கிறது. எலுமிச்சைத் தோலை முதலில் சர்க்கரையோடு விரல் நுனியால் தேயுங்கள். சர்க்கரை ஈர மணல் போல ஆகி, அறை முழுக்க வாசம் அடிக்கும். அதன் பிறகு வெண்ணெய். மாவைப் பிசைந்து பிசைந்து இறுக்கவே கூடாது. ஒன்றுகூடியதும் 4 சென்டிமீட்டர் தடிமனுக்கு உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு 6 மில்லிமீட்டர் வில்லைகளாக நறுக்க வேண்டும்.

சூடு 160 டிகிரி, நேரம் 14 முதல் 16 நிமிடம். சாதாரண வெண்ணெய் குக்கீக்கு வைக்கும் 175 டிகிரியை இதற்கு வைத்தால் அடிப்பக்கம் கருகும். பழச் சர்க்கரை சீக்கிரம் நிறம் மாறும் குணமுடையது. மேலே மஞ்சளாக இருக்கும்போதே கீழே காபிப்பொடி நிறத்துக்குப் போய்விடும். மேற்பரப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு குக்கீயைத் தூக்கி அடியைப் பாருங்கள்: ஓரம் மட்டும் இளம் பொன்னிறமானால் எடுத்துவிட வேண்டியதுதான். சூட்டில் மெத்தென்று இருக்கும், ஆறியதும் இறுகும்.

குறை ஒன்று உண்டு, பெரிய குறை. பாக்கெட்டைத் திறந்த நிமிடத்திலிருந்து இது காற்றின் ஈரத்தை இழுக்கத் தொடங்கும். மழை நாளில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் பொடி கல்லாகிவிடும். கட்டிப்பட்ட பொடியைச் சலித்துப் போட்டாலும் புள்ளி புள்ளியாகத்தான் விழும்.

எசென்ஸ்

அன்னாசி எசென்ஸும் தேங்காய் எசென்ஸும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஓவனுக்குள் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அன்னாசி வாசனைக்குப் பயன்படுத்தும் எஸ்டர்கள் என்ற மணச் சேர்மங்களில் ஒன்றான எத்தில் பியூட்டிரேட் 121 டிகிரியிலேயே கொதிப்பது. அதற்கு முன்பே ஆவியாகப் பறக்கும். தேங்காய் வாசனைக்குப் பயன்படும் காமா நோனாலாக்டோனின் கொதிநிலை 240 டிகிரிக்கு மேல். அதனால்தான் அன்னாசி எசென்ஸ் போட்ட குக்கீ வேகும்போது வீடெல்லாம் மணக்கிறது, கடித்தால் ஒன்றுமில்லை. வாசம் முழுக்கக் காற்றில் போயாயிற்று.

தேங்காய் எசென்ஸ் நிற்கும். அளவு மீறினால் சன்ஸ்க்ரீன் தைலம் போல ஆகிவிடும். 300 கிராம் மாவுக்கு கால் டீஸ்பூனுக்கு மேல் போகாதீர்கள். அன்னாசி எசென்ஸ் வாங்கியே ஆக வேண்டுமென்றால், ஆறிய குக்கீ மேல் பூசும் ஐசிங்கில் மட்டும் இரண்டு சொட்டு. மாவில் வேண்டாம். மாம்பழ எசென்ஸைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, மிட்டாய் வாசம்.

டின் அன்னாசி

பாருக்கு நல்ல சரக்கு இது. ஜெலட்டின் போட்டு உறைய வைக்கும் பார் என்றால் பச்சை அன்னாசியை விட டின்தான் சரி. பச்சை அன்னாசியில் உள்ள புரோமலைன் என்ற நொதி ஜெலட்டினை அறுத்துவிடும், எத்தனை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் உறையாது. டின்னில் அடைக்கும்போது சூடுபடுத்துவதால் அந்த நொதி செயலிழந்திருக்கும். வீட்டில் நறுக்கிய பழத்தையும் கொதிக்க வைத்துவிட்டால் அதே பலன்.

‘சர்க்கரைப் பாகில்’, ‘சொந்தச் சாற்றில்’ என்று இரண்டு வகை வரும். சாற்றில் உள்ளதை எடுங்கள். பாகு வகையில் பழத்தின் புளிப்பு மங்கிக் கிடக்கும். ‘நசுக்கியது’ என்று வருவதில் சாறு அதிகம். வட்டத் துண்டுகளை வாங்கி நீங்களே பொடியாக நறுக்கினால் நார் நாராகக் கடிபடும், அதுதான் சுவை.

வடிகட்டியில் போட்டுக் கரண்டியால் அழுத்திச் சாற்றை வடித்த பிறகு 300 கிராம் பழம் இருக்க வேண்டும். அகன்ற வாணலியில் 40 கிராம் சர்க்கரையோடு மிதமான தீயில் வற்ற விடுங்கள். எப்போது நிறுத்துவது? கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுங்கள். சாறு உடனே ஓடிவந்து கோட்டை மூடினால் இன்னும் நேரம் இருக்கிறது. மூன்று விநாடி கோடு அப்படியே திறந்து கிடந்தால் போதும். எடை போட்டால் 200 கிராமுக்குப் பக்கத்தில் வரும். இந்த வேலையைச் சோம்பலில் பாதியில் விட்டால் பாரின் அடிப்பாகம் மறுநாள் ஊறிப்போன ரொட்டி போல ஆகிவிடும். சோளமாவு போட்டுக் கெட்டியாக்கி ஒப்பேற்றலாம் என்று தோன்றும். கெட்டியாகும், ஆனால் தண்ணீர் உள்ளேயேதான் இருக்கிறது, இரண்டாம் நாள் கசிந்து வரும்.

உலர்ந்த துண்டுகள்

சர்க்கரையில் ஊறவைத்து உலர்த்திய அன்னாசி, மாம்பழத் துண்டுகள். மெல்ல நன்றாக இருக்கும். குக்கீயின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு மட்டும் கருகிக் கல்லாகும். 5 மில்லிமீட்டருக்கு நறுக்கி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, துணியில் ஒற்றி எடுத்துப் போட்டால் அந்தத் தொல்லை குறையும். பளபளவென்ற ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் சல்ஃபர் டை ஆக்ஸைடு சேர்த்திருப்பார்கள். பாக்கெட்டில் இ220 என்று போட்டிருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. அது சேர்க்காதது பழுப்பாக இருக்கும், பார்க்கச் சுமார், சுவையில் குறையில்லை.

உலர் தேங்காய்த்துருவல்

வாங்கும்போது இரண்டு விஷயம். கொழுப்பு 60 சதவீதத்துக்கு மேல் என்று லேபிளில் இருக்க வேண்டும். கொழுப்புக் குறைத்தது என்று ஒரு வகை வருகிறது. பாலைப் பிழிந்து எடுத்த சக்கைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை, குக்கீ வாயில் தூள் தூளாக உதிரும். இரண்டாவது, வீட்டுக்கு வந்ததும் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். சோப்பு நெடி லேசாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எண்ணெய் சிக்குப்பிடித்துவிட்டது, ஓவன் அதை மறைக்காது, கூட்டிக் காட்டும்.

வறுக்காமல் போடுவது வீண். தட்டில் பரப்பி 160 டிகிரியில் ஆறிலிருந்து எட்டு நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். தட்டின் ஓரத்தில் இருப்பதுதான் முதலில் சிவக்கும். அதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் தள்ளுங்கள். பச்சைத் தேங்காயைத் துருவிப் போட்டாலும் நல்ல ருசிதான், ஆனால் அதில் பாதியளவு தண்ணீர். ஓவனில் உலர்த்தாமல் போட்டால் குக்கீ சில நாளில் பூசணம் பிடிக்கும்.

வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் போடுபவர்களுக்கு: வெண்ணெயில் 80 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் கொழுப்பு, எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. 115 கிராம் வெண்ணெய்க்கு 95 கிராம் எண்ணெயும் ஒரு டேபிள்ஸ்பூன் பாலும் சரியாக இருக்கும். 24 டிகிரியில் உருகிவிடும் என்பதால் மாவைக் குளிர வைக்காமல் ஓவனில் வைத்தால் தட்டு முழுக்க ஓடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குளிர வைத்தாலும் வேறொரு சிக்கல்: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் கத்தி வைத்தால் மாவு விரிசல் விட்டு உடையும். பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு வெட்டுங்கள்.

பேஷன் ஃப்ரூட் கூழ்

உறைய வைத்த, சர்க்கரை சேர்க்காத கூழ் கிடைத்தால் பாருக்கு இதைவிட நல்லது வேறில்லை. புளிப்பும் வாசமும் முட்டையையும் வெண்ணெயையும் தாண்டி வெளியே வரும்.

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு, அடிப்பாகம்: மைதா 150 கிராம், ஐசிங் சுகர் 40 கிராம், வெண்ணெய் 110 கிராம், கால் டீஸ்பூன் உப்பு. அழுத்திப் பரப்பி 175 டிகிரியில் 20 நிமிடம், பொன்னிறமாக. மேலே ஊற்ற: விதை வடித்த சாறு 120 மில்லி, சர்க்கரை 200 கிராம், முட்டை 3, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு, மைதா 20 கிராம். அடித்து நுரை கிளப்பாதீர்கள். அந்த நுரை மேலே வந்து வெள்ளைப் படலமாக நிற்கும். மெதுவாகக் கலக்கி வடிகட்டுங்கள். அடிப்பாகம் சுடச்சுட இருக்கும்போதே ஊற்றினால் தொட்ட இடத்திலேயே முட்டை இறுகிக் கீழே இறங்காது. ஆறவிட்டு ஊற்றினால் புளிப்புக் கலவை விரிசல் வழியே அடியில் போய்த் தட்டில் ஒட்டும்.

சூட்டை 160க்கு இறக்கி 18 முதல் 20 நிமிடம். தட்டை லேசாகத் தட்டினால் நடுவில் ஓர் எலுமிச்சை அளவு இடம் மட்டும் தளும்ப வேண்டும். முழுக்க அசையாமல் நின்றால் தாண்டிவிட்டது, ஆறும்போது மேலே வெடிக்கும். மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்து நறுக்குங்கள்.

தட்டு விஷயத்தில் கண்ணாடியைத் தவிருங்கள். மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். அடிப்பாகம் வெளிறிக் கிடக்க, மேல் பாகம் ஓவனுக்கு வெளியே வந்தும் வெந்துகொண்டே இருக்கும். மேற்பூச்சு இல்லாத அலுமினியத் தட்டில் இந்தப் புளிப்பு நேரடியாகப் பட்டால் உலோக வாடை ஏறும். நான்கு பக்கமும் பட்டர் பேப்பர் ஏறிவரும்படி விரித்துவிட்டால் அதே தட்டு போதும், பாரைத் தூக்கி எடுக்கவும் வசதி.

இருப்பு வைப்பதில் ஒரு எச்சரிக்கை. பழப் பொடி குக்கீயையும் பேஷன் ஃப்ரூட் பாரையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். பாரின் ஈரம் முழுக்க ஒரே இரவில் குக்கீக்குப் போய்விடும். குக்கீ காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே ஒரு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும், பார் ஃப்ரிட்ஜில் மூன்று நாள்.