மூன்று இயங்குதளங்களுக்கும் ஒரே பூட்டு: ஸ்கிரிப்டில் ‘அகே’

பேக்கப் கோப்புகளை ஆள் இல்லாத நேரத்தில் என்கிரிப்ட் செய்ய வேண்டுமென்றால் பலரும் முதலில் எடுப்பது ஜிபிஜி (GPG) என்ற பூட்டும் கருவி. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் (cron) போட்ட பிறகுதான் தலைவலி. பூட்டுவதற்கான பொதுச் சாவியை நம்பலாமா என்று கேட்டு நிற்கும், இல்லாத திரையில் கடவுச்சொல் பெட்டியைத் திறக்கப் பார்க்கும், சாவி காலாவதியானால் அன்றிரவு பேக்கப்பே இல்லை. 2021இல் 1.0 பதிப்பு வெளியான ‘அகே’ என்ற என்கிரிப்ஷன் கருவியில் இந்தச் சிக்கல்களுக்கு இடமே வைக்கவில்லை. சாவி என்பது ஒரு வரி எழுத்து, அவ்வளவுதான். (ஆங்கிலத்தில் ‘age’ என்று எழுதும் பெயரை இத்தாலிய முறையில் ‘அகே’ என்று சொல்லச் சொல்கிறார்கள். தமிழில் எழுதினால் அந்தக் குழப்பமும் இல்லை.)

சாவிகளை உருவாக்கும் ‘அகே-கீஜென்’னை வேறொரு கணினியில் ஓட்டி, பூட்டைத் திறக்கும் தனிச் சாவியை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். சர்வருக்குப் போக வேண்டியது பொதுச் சாவி மட்டும். அதை ஓர் உரைக்கோப்பில் எழுதி, பெரிய எழுத்து ‘ஆர்’ ஆப்ஷனில் கொடுத்தால் போதும். அடுத்த வரியில் அவசரத்துக்கு இன்னொரு பொதுச் சாவியும் சேர்த்துவிடுங்கள், இரண்டில் எதன் தனிச் சாவியைக் கொண்டும் திறக்கலாம். அகே கடவுச்சொல்லைப் பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குள் விடும் குழாய்) வழியாக வாங்காது, டெர்மினலில்தான் கேட்கும். குறை என்பார்கள், ஸ்கிரிப்டுக்குள் கடவுச்சொல்லை எழுதிவைக்கும் பழக்கத்தைத் தடுப்பதால் எங்கள் கணக்கில் அது நிறைதான்.

லினக்ஸிலும் மேக்கிலும் பெரிய தொல்லை இல்லை. கிரானின் பாத் (நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சுருக்கமானது. ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் நிரல்களை நிறுவித்தரும் ஹோம்ப்ரூ அவற்றை வைக்கும் இடம் அதில் வராது, அதனால் முழுப் பாதையையும் எழுதுங்கள்.

வம்பெல்லாம் விண்டோஸில்தான். விண்டோஸின் கட்டளைச் சூழலான பவர்ஷெல் 5.1 பைப்பில் போகும் பைட்டுகளை எழுத்தாக எண்ணி மாற்றிவிடும். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் ‘டார்’ நிரலின் வெளியீட்டை அப்படியே அகேக்குள் விட்டால் கெட்டுப்போன தரவைத்தான் அது பூட்டும். பிழைச் செய்தி வராது, எக்ஸிட் கோடும் (நிரல் முடியும்போது தரும் எண்) வெற்றியைக் குறிக்கும் பூஜ்யம்தான். மீட்டெடுக்கும் நாளில்தான் தெரியும். வெளியீட்டை ‘>’ குறியால் கோப்புக்குத் திருப்பினாலும் இதே கதி. முதலில் டாரைக் கோப்பாக எழுதி, பிறகு ‘ஓ’ ஆப்ஷனில் வெளியீட்டுப் பெயர் கொடுத்து அகேயை அழையுங்கள். பவர்ஷெல் 7.4இலிருந்து பைப் பைட்டைத் தொடுவதில்லை. ஆனால் அகே தோற்றாலும் ஸ்கிரிப்ட் தானாக நிற்காது. கடைசி நிரலின் எக்ஸிட் கோடைச் சொல்லும் லாஸ்ட்எக்ஸிட்கோடைப் பார்த்து, பூஜ்யம் என்றால் மட்டுமே மூலக்கோப்பை அழியுங்கள்.

திறக்கும்போதும் ஒரு கண் வேண்டும். அகே கோப்பை 64 கிலோபைட் துண்டுகளாகச் சரிபார்த்து வெளியே விடுகிறது. பாதியில் அறுந்த கோப்பென்றால் முன்பாதி வெளியே வந்த பிறகுதான் பிழை சொல்லும். லினக்ஸ் கட்டளைச் சூழலான பாஷில், பைப்பில் எந்த நிரல் தோற்றாலும் தோல்வி என்று எண்ணவைக்கும் ‘பைப்ஃபெயில்’ அமைப்பைப் போடாவிட்டால் அந்தப் பிழை ஸ்கிரிப்டின் காதில் விழாமலே போகலாம்.

அகே கோப்பின் அளவைச் சுருக்காது, ஜிஸிப்பிலோ இசட்எஸ்டிடியிலோ (zstd) முன்னாலேயே சுருக்கிவிடுங்கள். கையொப்பமும் கிடையாது. பொதுச் சாவி கிடைத்த யாரும் உங்களுக்கொரு கோப்பைப் பூட்டி வைக்க முடியும். யார் அனுப்பியது என்று நிரூபிக்க வேண்டிய இடத்தில் கையொப்பமிடும் கருவியான மினிசைனைக் கூடச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ஜிபிஜியின் தொல்லையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.