கையடக்க எஃப்.பி.சி. மெஷின்: நான்கு வருடப் பாவனையும் ஒரு குமிழியும்

எஃப்.பி.சி. என்பது இரத்தக் கலங்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை (Full Blood Count). அதை நோயாளியின் வீட்டிலேயே செய்யும் சின்ன மெஷின் பற்றியது இது. முதலில் குமிழியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

விரலில் குத்தி, முதல் துளியைத் துடைத்து, இரண்டாவது துளியை நுண்குழாயில் பிடித்து, அதைக் கார்ட்ரிஜ்ஜில் (ஒரு தரம் மட்டும் பாவிக்கும் சின்னப் பெட்டி) செருகி மெஷினுக்குள் தள்ளியாயிற்று. கதவு மூடிக்கொள்ளும். நீல விளக்கு சுற்றிச் சுற்றி வரும். நாலாவது நிமிடத்தில் ஒரு சின்னச் சத்தம். திரையில் 'மாதிரிப் பிழை'. என்ன பிழை, யாருடைய பிழை, ஒன்றும் கிடையாது. மெஷின் எடுத்த படத்தைத் திறந்து பார்த்தால், கார்ட்ரிஜ்ஜுக்குள் இரத்தம் ஓடும் குறுகிய வாய்க்காலின் நடுவில் கறுத்த விளிம்போடு ஒரு வட்டம் உட்கார்ந்திருக்கும். காற்றுக் குமிழி. கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளை அதற்குள் மற்றக் கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்ளும். கார்ட்ரிஜ் குப்பைக்குப் போகும். அதன் விலை என் உதவியாளப் பிள்ளையின் அரை நாள் சம்பளம்.

மெஷினின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்தக் கொம்பனியுடையதை எடுத்தாலும் நான் சொல்வதில் பாதிக்கு மேல் பொருந்தும். 2021 கடைசியில் வாங்கினேன். பழுதாகி ஏஜென்டிடம் போய், 24 நாள் அங்கே கிடந்து, போன மாதத் தொடக்கத்தில்தான் திரும்பி வந்தது. இந்தக் கிழமை, மட்டக்களப்பில் சின்னதாக லேப் போடப்போகும் நண்பன் வட்ஸ்அப்பில் கேட்டான்: "மச்சான், வாங்கலாமா?" இரண்டு தரம் பதில் எழுதி இரண்டையும் அழித்தேன். அதனால்தான் இது.

என் லேப் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு டிஸ்பென்சரியின் பின்னறை. பகலில் அங்கே. பின்னேரம் தொடர்மாடிகளுக்குப் போவேன். பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும். அம்மாவும் அப்பாவும் ஐந்தாம் மாடியில். லிஃப்ட் பழுதென்றால் அவர்கள் கீழே இறங்கவே மாட்டார்கள். டெங்கு காலத்தில் இது இரட்டிப்பாகும். 2017இல் நாட்டில் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானபோது நான் ஒரு பெரிய லேப்பில் வேலை செய்தேன். வரிசை படி தாண்டி வீதிவரை நிற்கும். நடக்கவே முடியாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற தகப்பன்மாரைப் பார்த்த பிறகுதான், மெஷின் அவர்களிடம் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எப்படி வேலை செய்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்த விஷயம்தான். ஆனால் குமிழிமேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று விளங்க, ஒரு இடத்தை மட்டும் சொல்லவேண்டும். கார்ட்ரிஜ்ஜுக்குள் இருக்கும் திரவத்தில் பொலிமர் கரைந்திருக்கிறது. அந்த வழவழப்பான திரவம் குறுகலான வாய்க்காலில் ஓடும்போது இரத்தக் கலங்களைச் சுவரிலிருந்து நடுவுக்கு ஒதுக்கிவிடும். செங்குழியம் 7, 8 மைக்ரோமீற்றர். குருதிச் சிறுதட்டு, அதாவது நாம் சொல்லும் பிளேட்லட், 2, 3 மைக்ரோமீற்றர். எல்லாம் ஒரே தளத்தில் வரிசையாக வருவதால் கமரா குவியம் மாற்றாமலே ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக்கொண்டு போகிறது. கோயில் வாசலில் கம்பி கட்டி ஒவ்வொருவராக விடுவதுபோல.

அந்தக் கம்பிக்குள் ஒரு குமிழி வந்து நின்றால் என்ன ஆகும்? ஏ.எல். பௌதிகவியலில் மயிர்த்துளைக் குழாய்க் கணக்குச் செய்திருப்பீர்கள். விட்டம் 0.1 மில்லிமீற்றர் உள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தானாகவே கிட்டத்தட்ட 30 சென்ரிமீற்றர் ஏறும். அவ்வளவு பலம் அந்தப் பரப்பிழுவிசைக்கு. இரத்தத் துளியைப் பம்ப் இல்லாமலே உள்ளே இழுப்பது அதுதான். அதே விசை குமிழியின் பக்கம் சாய்ந்துவிட்டால் மெஷினின் சின்னத் தள்ளுகையால் குமிழி அசையாது. நகர்ந்தாலும் போகிற வழியில் ஒளியைச் சிதறடித்து, தன் விளிம்பையே கலமென்று காட்டிவிட்டுப் போகும்.

நான்கு வருடமாக இந்தக் குமிழிக்குக் காரணம் தேடினேன். முதலில் உதவியாளப் பிள்ளையைத் திட்டினேன், பாவம். பிறகு நுண்குழாயை. பிறகு ஏ.சி. காரில் வந்திறங்கும் ஆட்களின் குளிர்ந்த விரலை. அந்த விரலில் இரத்தம் வரவே வராது, வந்தாலும் துளி நிற்காமல் வழியும். சும்மா சொல்லக்கூடாது, விரல் விஷயத்தில் தேறிவிட்டேன். இப்போது கையைக் கீழே தொங்கவிடச் சொல்லி, வெந்நீர்ப் போத்தலைப் பிடிக்கக் கொடுத்து, இரண்டு நிமிடம் ஊர்க் கதை கதைப்பேன். பிதுக்கவே மாட்டேன். பிதுக்கினால் இழையப் பாய்பொருள் கலந்து பி.சி.வி., அதாவது இரத்தத்தில் செங்குழியங்களின் பங்கு, குறைவாகக் காட்டும். டெங்கு என்றால் எங்கள் டொக்டர் பிளேட்லட்டைப் பார்க்குமுன் பி.சி.வி.யைத்தான் பார்ப்பார், அது முன்பிருந்ததைவிட 20 வீதம் ஏறிவிட்டதா என்று. குருதித் திரவவிழையம், அதாவது பிளாஸ்மா, கசிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஏறியிருப்பதை நான் பிதுக்கி இறக்கிவிட்டால் அந்தப் பிள்ளையின் கதி என்ன?

இவ்வளவு செய்தும் குமிழி போகவில்லை. சீ.ஆர். கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். பழுதாவதற்கு முன் கடைசியாகப் போட்ட 120 கார்ட்ரிஜ்ஜில் 13 குமிழி.

பழுது வேறு கதை. தினமும் காலையில் மெஷின் தன்னைத்தானே சரிபார்க்கும். அது ஒருநாள் தோற்றது, மறுநாளும் தோற்றது. ஏஜென்டின் ஆள் வந்து "பொட்டக் இன்ன மாத்தயா" என்றார், சிங்களத்தில் 'கொஞ்சம் பொறுங்கள் ஐயா' என்று. அந்தப் 'பொட்டக்' 24 நாள். நான் பழையபடி குழாய்களைப் பையில் போட்டுக்கொண்டு த்ரீவீலரில் பெரிய லேப்புக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். கடைசியில் பில்லில் இரண்டு வரி: சுத்தப்படுத்தல், அளவுத்திருத்தம். ஒளி புகும் கண்ணாடியில் மெல்லிய படலமாம். கடல்காற்று, ஈரம், தூசி. நுணுக்குக்காட்டி வில்லையில் பூஞ்சணம் பிடிக்கிற ஊர் இது, அதனால் ஆச்சரியமில்லை. ஐந்து நிமிடம் துடைக்கிற வேலைக்கு ஏன் அவ்வளவு காசு என்று கேட்டேன். எங்கே துடைக்கவேண்டும் என்று தெரிவதற்குத்தான் காசு என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் கையளிக்க வந்த அன்று அந்த மனிதர் ஒரு காரியம் செய்தார். "ஒரு டெஸ்ட் போட்டுக் காட்டுங்கள்" என்றார். நான் ரெஜிபோம் பெட்டியிலிருந்து கார்ட்ரிஜ்ஜை எடுத்தேன், உறையைக் கிழித்தேன், செருகப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். "இதை இப்படியே குளிரோடயா போடுறீங்க?"

உறையில் 30 பாகைக்கு மேல் வைக்கவேண்டாம் என்று போட்டிருக்கிறது. என் பின்னறை பகல் 2 மணிக்கு 31, 32. அதனால் முதல் நாளிலிருந்தே கார்ட்ரிஜ்களை ஐஸ் பொதியோடு ரெஜிபோமில் வைத்துத்தான் கொண்டுபோவேன். நல்ல பிள்ளையாக. அங்கேதான் வினை. குளிர்ந்த திரவத்தில் காற்று கூடுதலாகக் கரைந்திருக்கும். சூடேறும்போது அது வெளியே வந்தாகவேண்டும். பிரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்த தண்ணீர்க் கிளாஸின் உள்பக்கம் கொஞ்ச நேரத்தில் பொட்டுப் பொட்டாகக் குமிழி ஒட்டியிருக்குமே, அதேதான். மெஷினுக்குள் கார்ட்ரிஜ்ஜைச் சூடாக்குகிறார்கள். என் குமிழியில் பாதிக்கு மேல் விரலிலிருந்து வரவேயில்லை, திரவத்திலிருந்தே பிறந்திருக்கிறது. போதாததற்குக் கொழும்புக் காற்றில் குளிர்ந்த உறையை உடனே கிழித்தால் ஒளி புகும் ஜன்னலில் பனி படியும்.

உறையோடு 20 நிமிடம் வெளியே வைத்தால் போதும். அதன் பிறகு 31 போட்டிருக்கிறேன். ஒரு குமிழி.

சந்தோஷப்பட வேண்டும்தானே? அன்றிரவு நித்திரை வரவில்லை. கையேட்டை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில், அறை வெப்பநிலைக்கு வந்தபின் பாவிக்கவும் என்று. நான் படிக்கவில்லை என்பது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த மெஷினுக்குள் வெப்பமானி இருக்கிறது. அறை 32 தாண்டினால் 'சூடு கூட' என்று சொல்லி வேலைநிறுத்தம் செய்யத் தெரிகிறது. கார்ட்ரிஜ் குளிராக இருக்கிறது என்று ஒரு வரி சொல்லத் தெரியாதா? 'மாதிரிப் பிழை' என்று சொல்லி நான்கு வருடம் என்னையும் என் உதவியாளப் பிள்ளையையும் குற்றவாளியாக்கியிருக்கிறது.

என்னிடம் பழைய ஹீமோகியூ ஒன்றும் இருக்கிறது, ஈமோகுளோபினுக்கு மட்டும். 10 மைக்ரோலீற்றர் இரத்தத்தைத் தானாக உறிஞ்சும் சின்ன பிளாஸ்டிக் குவெட். 570 நானோமீற்றர் அலைநீள ஒளியில் ஒரு தரம் பார்க்கும். 880இல் இன்னொரு தரம் பார்த்துக் கலங்கலைக் கழித்துவிடும். மத்தியானம் புரியாணி சாப்பிட்டு வந்தவரின் பிளாஸ்மா பால்போல இருந்தாலும் பெரிதாகத் தடுமாறாது. அதிலும் குமிழி வரும். ஆனால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கண்ணுக்கே தெரியும். மெஷினில் வைக்குமுன் எறிந்துவிடலாம். புதியது எல்லாவற்றையும் உள்ளே மூடிவைத்துவிட்டு நாலு நிமிடம் கழித்து அறிவிக்கிறது.

சரி, நியாயமாகவும் பேசவேண்டும். படங்கள். இதை நான் எதிர்பார்த்து வாங்கவில்லை. திரையில் ஒவ்வொரு கலமும் தெரியும். ஒரு காய்ச்சல்காரருக்கு மூன்றாம் நாள் பிளேட்லட் 62,000 என்று வந்தது. வீட்டில் அழுகை தொடங்கிவிட்டது. படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்: பிளேட்லட்கள் ஐந்தாறாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. துளியை எடுக்க நான் சுணங்கியதால் காயத்தின் வாயிலேயே திரண்டுவிட்டன. கைநரம்பிலிருந்து எடுத்துப் போட்டால் 148,000. வெறும் எண்ணை மட்டும் துப்பும் மெஷினாக இருந்திருந்தால் அந்தக் குடும்பம் அந்த இரவே வைத்தியசாலை வாசலில் நின்றிருக்கும். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் மாதாமாதம் தன் செங்குழியங்களைக் காட்டச் சொல்லிக் கேட்பார். "போன மாதத்தைவிட வடிவாக இருக்கிறாங்கள், தம்பி" என்பார்.

கிழமைக்கு ஒரு குழாயைப் பெரிய லேப்புக்கு அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஈமோகுளோபின், வெண்குழியம் இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிளேட்லட் மிகவும் இறங்கினால்தான் ஆட்டம். அது மெஷினின் பிழைகூட இல்லை. எண்ணுகிற வேலையில் 400 கண்டால் 20 கூடக்குறைய இருக்கும், 100 கண்டால் 10. சின்னத் துளியில் பிளேட்லட் குறையக் குறைய எண்ணக் கிடைப்பதும் குறைகிறது. காலையில் 24,000, பின்னேரம் 21,000 என்றால் இறங்கிவிட்டது என்று அம்மாக்கள் பதறுவார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது. ஒரு துளியில் எல்லா டெஸ்ட்டும் பார்க்கலாமாமே என்று இன்னும் கேட்கிறார்கள். அப்படிச் சொல்லிக் காசு திரட்டிய தெரானோஸ் 2018இல் மூடப்பட்டது, அதைத் தொடங்கிய எலிசபெத் ஹோம்ஸை 2022 ஜனவரியில் குற்றவாளி என்று தீர்த்தார்கள் என்று சொன்னால், "அப்ப இந்த மெஷின்?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

2022ஐயும் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவனாவேன். மார்ச் கடைசியில் ஒருநாள் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பெரிய மெஷின்கள் வாய்மூடிக் கிடக்க, இது பெட்டரியில் ஓடியது. மெழுகுதிரி வெளிச்சத்தில், ஃபோன் டோர்ச்சை ஒரு தாத்தா பிடிக்க, பேத்திக்கு எஃப்.பி.சி. எடுத்திருக்கிறேன். பிறகு டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனதும் கார்ட்ரிஜ் விலையும் கூடவே ஏறியது. டொலர் இறங்கியபோது அது இறங்க மறந்துவிட்டது.

மச்சான், வாங்காதே. மட்டக்களப்புச் சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் இது உன்னை அழவைக்கும். பழுதானால் கொழும்புக்கு பஸ்ஸில் அனுப்பவேண்டும், இங்கேயே 24 நாள் என்றால் உனக்கு எத்தனை நாள் என்று நீயே கணக்குப் பார். நான் சொன்னதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வாங்கு என்றுதான் வரும், தெரியும். இருந்தாலும் இன்றைக்கு என் வாயில் அது வராது. அந்தப் பன்னிரண்டு பதின்மூன்று பிள்ளைகளின் இரண்டாவது விரல் கண்ணுக்குள் நிற்கிறது.

நேற்று இரண்டு பெட்டி கார்ட்ரிஜ் ஓடர் போட்டேன். அடுத்த மாதம் விலை கூடுமாம்.