திண்ணையா, மிஷன் பள்ளியா?

சென்னையின் இன்றைய ஜார்ஜ் டவுன் கறுப்பர் நகரமாக இருந்த 1840களில், பிள்ளையைப் படிக்கவைக்க நினைத்தவர்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன.

முதலில் திண்ணைப் பள்ளிக்கூடம். பரப்பிய மணலில் விரலால் 'அ' எழுதவேண்டும். கை படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். எண்சுவடியை, அதாவது வாய்ப்பாட்டை, எல்லோரும் சேர்ந்து ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். சின்னவர்களுக்குச் சட்டாம்பிள்ளை, அதாவது மூத்த மாணவன், சொல்லிக்கொடுப்பான். இங்கே உள்ளூர்ப் பள்ளியில் பார்த்த இந்த முறையைத்தான் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எழும்பூர் அனாதை இல்லத்தில் கையாண்டு, 1797இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். மதராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாக 1826இல் அப்போதைய ஆளுநர் மன்றோ பதிவு செய்திருக்கிறார். வெள்ளைக்காரன் வந்துதான் நாம் படித்தோம் என்பவர்கள் இதைப் பார்க்கவேண்டும்.

அப்புறம், ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்சன் 1837இல் தொடங்கிய மிஷன் பள்ளி. ஆங்கிலம், கூடவே பைபிள். படித்தால் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) உத்தியோகத்துக்கு வழி. மதமாற்ற பயமும் நிஜம்தான். பைபிள் இல்லாமல் ஆங்கிலம் வேண்டும் என்றவர்களுக்கு 1842இல் பிராட்வேயில் பச்சையப்பன் அறக்கட்டளைப் பள்ளி வந்தது. ஆனால் அது இந்துக்களுக்கு மட்டும்.

மனக்கணக்குக்கு நான் திண்ணையைத்தான் சொல்வேன். சரி, அந்தத் திண்ணையில் ஏறவே விடப்படாத பிள்ளைக்கு? ஒதுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களை ஆண்டர்சன் சேர்த்தபோது மற்ற பெற்றோர் கொதித்தார்கள், பலர் தங்கள் பிள்ளைகளை நிறுத்தினார்கள். அவர் அசையவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு மிஷன் பள்ளிக்கு.