ஹிமாலயன் 411-இல் ஐந்து வருடம், இனி 750 வந்தால் எந்த எஞ்சின் வேண்டும்?

கொடைக்கானலில் இருந்து பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் வாரத்தில் நாலு நாள் போய் வருகிறவன் நான். வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, செகண்ட் ஹேண்டில் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. இரட்டை சிலிண்டரில் 750 சி.சி. ஹிமாலயன் வரப்போகிறது என்ற பேச்சு இப்போது எங்கே போனாலும் அடிபடுகிறது. எல்லோரும் எத்தனை குதிரைத்திறன், டாப் ஸ்பீடு எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். மலையில் ஓட்டுகிறவனுக்கு அது இரண்டாவது கேள்வி. பின்னால் ஆளும் லோடும் இருக்கும்போது, இரண்டாவது கியரில், 2,500 ஆர்.பி.எம்.மில் வண்டி இழுக்குமா? எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

சரி, கையில் இருக்கிற வண்டியில் இருந்து தொடங்குகிறேன். 411 வந்தது 2016-இல். 24.5 குதிரைத்திறன் என்று பேப்பரில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. ஆனால் அதன் 32 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் இழுவை, 4,000-4,500 ஆர்.பி.எம்.மிலேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது, அதற்குக் கீழேயும் இழுவை படிப்படியாகத்தான் குறைகிறது, சட்டென்று விழுவதில்லை. போர் (சிலிண்டரின் விட்டம்) 78 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 86 மி.மீ., அதாவது பிஸ்டனின் அகலத்தைவிட அது ஏறி இறங்கும் தூரம் அதிகம்.

ஒருநாள் வடுகபட்டி பூண்டுச் சந்தைக்குப் போய்விட்டு ஏறிக்கொண்டிருந்தோம், பின்னால் தம்பி, இரண்டு பக்கமும் சாமான் பை. டம்டம் பாறை தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் பாதி திரும்பியிருக்கிறேன், மேலே இருந்து பஸ் இறங்குகிறது. வளைவின் உள்பக்கம், செங்குத்தான இடத்தில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. வலது கால் பின் பிரேக்கில், இடது கால் ஈரத் தாரில். பஸ் போனதும் கிளட்சை மெல்ல விட்டேன், ஆக்ஸிலேட்டரை முறுக்கவே இல்லை என்று சொல்லலாம், ‘டுப் டுப்’ என்று நாலு அடி அடித்துவிட்டு வண்டி நகர்ந்து ஏறிவிட்டது. தம்பி என் தோளைப் பிடித்த பிடியைக்கூட மாற்றவில்லை. அந்த நாலு அடிதான் எனக்கு இந்த எஞ்சினைப் பிடித்துப்போன காரணம்.

2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450 வேறு சுபாவம். 452 சி.சி., ரேடியேட்டர் வைத்துக் குளிர்விக்கிற எஞ்சின், ஆறு கியர், 40 குதிரைத்திறன் 8,000 ஆர்.பி.எம்.மில், 40 நியூட்டன் மீட்டர் 5,500-இல். நண்பரின் 450-ஐ ஒரு முழு நாள் ஓட்டினேன். 4,000-ஐத் தாண்டிவிட்டால் அப்படி ஒரு உற்சாகம், வத்தலக்குண்டு சமவெளியில் நாள் முழுக்க ஓட்டலாம் போலிருந்தது. எடையும் 196 கிலோதான், சஸ்பென்ஷன் என் வண்டியைவிட ஒரு படி மேல். வளைவில் மட்டும் 411-இல் இரண்டாவதில் போகிற இடத்துக்கு முதல் கியருக்கு வர மனம் கேட்கிறது. பழகினால் கை தானாகவே செய்துவிடும், ஆனால் எனக்கு அந்தப் பழைய அடிதான் வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் 411 போதுமே, 750 எதற்கு என்று கேட்கலாம். காற்றுதான் காரணம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, எஞ்சினின் பலமும் அந்த அளவுக்கு இறங்கும். 40 குதிரை மேலே வந்தால் 32 குதிரை. ஃபியூல் இன்ஜெக்‌ஷன் காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோலைக் குறைத்து விடுமே தவிர, இல்லாத காற்றைக் கொண்டுவராது. 411 இங்கே இருபதுக்கும் கீழே வந்துவிடுகிறது, கூக்கால் பக்கம் ஏற்றத்தில் லாரியை முந்த நினைத்தால் அது தெரியும். சி.சி. கூடுதலாக இருந்தால் ஐந்தில் ஒன்று போனாலும் மிச்சம் நிறைய இருக்கும்.

இப்போது என் ஊகத்துக்கு வருகிறேன். 2018-இல் இதே கம்பெனியின் இன்டர்செப்டரில் வந்த 648 சி.சி. இரட்டை சிலிண்டர் எஞ்சினின் போர் 78, ஸ்ட்ரோக் 67.8. 411-இன் போரும் அதே 78 என்பதைக் கவனியுங்கள். இதை 750 ஆக்க இரண்டு வழி. ஸ்ட்ரோக்கை அப்படியே விட்டு, 450-இல் இருக்கிற 84 மி.மீ. போரை வைத்தால் 751 சி.சி. வருகிறது. இல்லை, 78 போரை வைத்துக்கொண்டு ஸ்ட்ரோக்கை 78.5 ஆக்கினாலும் 750 வந்துவிடும். கம்பெனிக்கு முதல் வழி சுலபம், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குகிற கிராங்க் ஷாஃப்ட்டைத் தொட வேண்டாம், அதனால் அதைத்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். என் ஓட்டு இரண்டாவதுக்கு. டார்க் பெரும்பாலும் சி.சி.யில் இருந்துதான் வருகிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் போர் சின்னதாகவும் ஸ்ட்ரோக் நீளமாகவும் இருக்கிற எஞ்சினைக் கீழ் ஆர்.பி.எம்.முக்கு டியூன் செய்வது இயல்பாக அமையும். முதல் வழியிலேயே போனாலும் வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டை ஹைவேக்காக அமைக்காமல் 3,000-4,500 ஆர்.பி.எம்.முக்காக அமைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இன்டர்செப்டரில் இருக்கிற 270 டிகிரி கிராங்க், அதாவது இரண்டு சிலிண்டரும் சமமில்லாத இடைவெளியில் அடிக்கிற அமைப்பு, கட்டாயம் இருக்கட்டும். மச்சானுடைய இன்டர்செப்டரைப் பூம்பாறை வரை ஓட்டியபோது, பனியில் நனைந்த யூகலிப்டஸ் இலை மேல் போகும்போதும் பின் சக்கரம் என்ன செய்கிறது என்று சீட்டிலேயே தெரிந்தது. ஆனால் குழந்தை வேலப்பர் கோயில் கிட்டே, குறுகின சந்தில் அதைத் திருப்பத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அது தார் ரோட்டு வண்டி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஹிமாலயன் என்று பெயர் வைத்தால் மட்டும் எடை 215 கிலோவைத் தாண்டக் கூடாது. இதே கம்பெனியின் சூப்பர் மீட்டியார் மாதிரி 241 கிலோ என்றால் மண்ரோட்டில் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்த முடியாது.

சென்னை பக்கம் ஒரகடத்திலும் வல்லத்திலும் செய்கிற வண்டி, இரண்டு நாள் இங்கே கொண்டுவந்து லோடோடு ஏற்றிப் பார்க்கட்டும். டெஸ்ட் ரைடு வந்தால் தம்பியையும் சாமான் பைகளையும் ஏற்றிக்கொண்டு அதே டம்டம் பாறை வளைவில் நிறுத்தி எடுப்பேன். அதுவரை 411-ஐ விற்கிற எண்ணம் இல்லை, போன வாரம்தான் புது செயின் ஸ்பிராக்கெட் போட்டேன்.